காற்றாடிக்குக் கட்டிய காப்பு

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் கம்ப்யூட்டருக்கும் சாமிக்கும் ஒரே ஆசாரம் என்று ஒரு காலம் இருந்தது. குளித்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். கம்பளி உடுத்தியிருக்கக் கூடாது. காலில் செருப்பு ஆகாது. இதையெல்லாம் கிளப்பிவிட்டது நான்தான் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். நான் ஒன்றையும் கிளப்பவில்லை, காவல் மட்டும்தான் காத்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் நான்தான் தலைவி. பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரத்தை ருசித்துவிட்ட கைக்கு வீட்டிலும் ஒரு வேலை தேவைப்பட்டது.

கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு மரக்கறி லொறியில் வந்தது. அம்மாவின் தம்பி கொழும்பில் ஒரு கந்தோரில் எடுபிடி வேலை பார்த்தார். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர்கள் வாங்கியபோது, ஒதுக்கிப் போட்ட பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, கோவாவும் லீக்ஸும் இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற கந்தப்பளை லொறி ஒன்றில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதன் இடுக்குகளில் சிக்கியிருந்த கோவா இலைச் சருகுகளை அக்கா ஒரு வாரம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் காம்பரா வீட்டில் அதற்கு இருந்த ஒரே இடம் அடுப்புக்கு எதிர்ச்சுவர். அது பெரிய பிழை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். பாஸாகிவிட்டால் தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போடலாம் என்பது அவள் கனவு. அதுவரை சும்மா இருக்கப் பிடிக்காமல் நுவரெலியாவில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வந்தாள். படித்துவிட்டு வந்து முதன்முதலாகத் தட்டிக்கொடுத்தது கோயில் திருவிழா நோட்டீசு. அதில் கோயில் தலைவர் என்று பெரியப்பாவின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. திருவிழா முடிந்து எத்தனையோ வாரமாகியும் பெரியப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்டவர்களிடமெல்லாம் நேரம் கேட்பதுபோல் பேச்சுக் கொடுத்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். எங்கள் லயத்திலேயே இரண்டு காம்பரா தள்ளி இருந்தார். அப்பாவைப் பெற்றவர் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தது அவர்தான். அதனால் அவர் இருக்கும் இடத்தில் அப்பா உட்கார மாட்டார். அவர் எதைச் சொன்னாலும் “சரிங்கண்ணே” என்பதைத் தவிர வேறு பதில் அப்பாவின் வாயிலிருந்து வந்து அதுவரை நான் கேட்டதில்லை. கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தால் ஒரு மலைச்சரிவுத் தேயிலையையே மொட்டையடித்துவிட்டு வருகிற மனிதர், அண்ணன் முன்னால் பூனைக்குட்டி.

ஐப்பசி மழை தொடங்கிய நாளொன்றில் கம்ப்யூட்டர் உறுமத் தொடங்கியது. பிறகு உறுமலும் நின்றது. போட்டால் எரியும், கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். அக்கா வயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துத் தகட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே, சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக நின்ற இரும்புக்கு மேலே உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் காற்றாடி. எங்கள் அடுப்புப் புகையின் பிசுக்கும் எங்கள் சுவெட்டர்களிலிருந்து பறந்த கம்பளிப் பஞ்சும் சேர்ந்து அதைக் குருவிக்கூடு மாதிரி அடைத்திருந்தன. அந்தக் காற்றாடிக்குக் கீழேதான் கம்ப்யூட்டரின் மூளை இருக்கிறதென்றும், காற்று இல்லாவிட்டால் மூளை கொதித்துவிடும் என்றும் அக்கா சொன்னாள். சும்மா உட்கார்ந்து யோசிக்கிற மூளைக்கு இந்தக் குளிரிலும் காற்றாடி கேட்கிறதே என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

அதே வாரம் பெரியப்பா வந்து முன் திண்ணையான இஸ்தோப்பில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழும்பில் தெரிந்த ஒருவரின் புடவைக் கடையில் தீபாவளிக்கு முன்னால் பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறார்களாம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் கடையிலேயே. அக்காவுக்கும் சேர்த்துச் சொல்லிவைத்துவிட்டாராம்.

“ரிசல்ட்டு வந்தா வரட்டும். கடையில இருந்துக்கிட்டே பாத்துக்கலாம். வார ஞாயித்துக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்.”

“சரிங்கண்ணே” என்றார் அப்பா.

பெரியப்பா கெட்டது நினைக்கிறவர் இல்லை. அவர் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் கொழும்புக்குப் போய்த் தலையெடுத்தார்கள். ஆனால், அப்படிப் போனவர்களில் யாரும் திரும்பி வந்து புத்தகத்தைத் தொட்டதில்லை என்பது எனக்கே தெரியும். மேல் லயத்து அக்கா ஒருத்தி முடிவு வருவதற்குள் போனாள். பிறகு மூன்று பாடமும் பாஸ் என்று சேதி வந்தபோது அவளுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. எங்கள் அக்கா அடுப்பின் முன் குந்தி, ஊதாமலே எரிகிற நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகையினால்தான் கண் கலங்குகிறது என்று நான் நினைப்பதற்கு வசதியாக இருந்தது. எனக்கு அப்பாமேல்தான் ஆத்திரம். அந்த “சரிங்கண்ணே” மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது என்று.

மறுநாள் அப்பா பெரட்டுக்குப் போகவில்லை. வேலைக்குப் பெயர் கொடுக்கிற அந்தக் காலைக் கூட்டத்துக்குக் காய்ச்சலோடு கூடப் போகிறவர், அன்றைக்கு அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற தன் கறுப்புக் கோட்டை எடுத்தார். அந்தப் பெட்டியின் சாவி எப்போதும் அம்மாவின் இடுப்பில்தான் இருக்கும். கோட்டைப் பூச்சி அரிக்காமலிருக்க அம்மா பூச்சி உருண்டைகளை அள்ளிப் போட்டிருந்ததால், நுவரெலியாவுக்குப் போன பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சிங்கள மாத்தயா ஒருவர் மூன்று தும்மல் தும்மிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

அக்காவுக்கு வகுப்பெடுத்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசுகிற தமிழைக் கேட்பதற்கென்றே நான் கூடப் போவேன். அக்கா விவரம் சொன்னதும் அவர் விரல்விட்டு ஆரம்பித்தார்.

“பிள்ளை, வடிவாக் கேளுங்கோ. சுவிட்சை நிப்பாட்டினா மட்டும் காணாது. வயரைச் சுவரில இருந்து கழட்ட வேணும். கழட்டின உடன கை வைக்கக்கூடாது, ஆற விடுங்கோ. மேசையில ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. காத்தாடிக்குக் கீழ பூசின பழைய பசை காய்ஞ்சு போயிருக்கும், அதைச் சுரண்டாமல் மெல்லமாத் துடைச்சு எடுங்கோ. முக்கியமா, கம்பளி போட்டுக்கொண்டு கிட்டவும் போகக்கூடாது.”

கம்பளி என்ன செய்யும் என்று நான் கேட்டேன். பனிக்காலத்தில் இருட்டில் சுவெட்டரைத் தலைவழியே உருவும்போது படபடவென்று பொரிகிறதே, அந்தப் பொறி ஒன்றே போதுமாம், உள்ளே இருக்கிற மூளையைக் கொன்றுபோட. நாங்கள் விளையாட்டுக்கு உண்டாக்கும் அந்தப் பொறிக்கு இவ்வளவு வீரியமா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பிறகு மிஸ் மேசை லாச்சியைத் திறந்து ஒரு நீலப் பட்டியை எடுத்தார். மணிக்கட்டில் கட்டுகிற பட்டி. அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு வயர், நுனியில் கவ்வுகிற ஒரு கொக்கி.

“இதைக் கையில கட்டி, மற்ற நுனியைப் பெட்டியின்ர இரும்பில கொழுவ வேணும். உடம்பில இருக்கிற மின்சாரம் அதுக்குள்ளால போயிடும். வேலை முடியுமட்டும் கழட்டக்கூடாது. கட்டினபடி எழும்பித் திரியவும் கூடாது.”

அதுவரை சுவரோரம் நின்று கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்த அப்பா முன்னால் வந்தார்.

“கட்டுனா, முடியிற வரைக்கும் கழட்டக்கூடாதுங்களா மிஸ்?”

“ஓம்.”

“எந்திரிச்சு வெளிய தெருவ போகவும் கூடாதுங்களா?”

“ஓம் ஐயா. வயர் இழுபடுமெல்லே.”

அப்பா அதையே திரும்பவும் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு தடவை சொன்னால் புரியாதவர்களின் பெயரை வகுப்பில் நான் தனியாக எழுதிவைப்பேன். மிஸ் பொறுமையாகத் திரும்பவும் சொன்னார். அந்தப் பழைய மாதிரிக் காற்றாடி இங்கே கிடையாது, கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும், கொஞ்ச நாள் செல்லும் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னபோது, அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, “அவசரமே இல்லீங்க மிஸ், மெதுவா வரட்டும்” என்றார். அவசரமில்லாத ஆள் எதற்காகப் பெரட்டை விட்டுவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

மிஸ் கொடுத்த பட்டியோடு வீட்டுக்கு வந்ததும் நான் பதவி ஏற்றேன். மிஸ் சொன்ன விதிகள் எல்லாம் எனக்கு வரி பிசகாமல் மனப்பாடம். அவர் சொன்ன காரணங்களை நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. விதியைக் காப்பவருக்குக் காரணம் எதற்கு? இஸ்தோப்பில் ஆணி அடித்து, “சுவெட்டரை இங்கே மாட்டவும்” என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். உப்புக் கேட்டு வந்த அயல்வீட்டுச் சித்தி கம்பளித் துப்பட்டியோடு உள்ளே வரப் பார்த்தபோது கையை விரித்து மறித்தேன். அவர் நடுங்கிக்கொண்டே வாசலில் நின்று உப்பை வாங்கிக்கொண்டு, “சாமி வந்த புள்ள மாதிரி நிக்கிதே” என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா, நான் கண்டுகொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அப்பா என்னையும் மிஞ்சினார். நான் சொன்ன ஒரு விதிக்கு அவர் இரண்டு விதி சேர்த்தார். மேசையில் ஈரம் கூடாது என்றால், மேசைப் பலகையை வெயிலில் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். ஐப்பசி மாதம் எங்கள் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? பலகை தினமும் வெளியே போகும், மூடுபனியில் நனைந்து திரும்பி வரும். கம்பளி கூடாது என்றால், குளிக்காமலும் கூடாது என்றார். கரண்டு வயரைக் கழற்றினால் மட்டும் போதுமா என்று கேட்டு, எங்கள் வீட்டு மெயின் சுவிட்சையும் இறக்கச் சொன்னார். குப்பி விளக்கு வெளிச்சத்தில் சமைத்த அம்மா ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை. அதுவும் எனக்கு விநோதமாகத்தான் இருந்தது. சாதாரணமாக விறகு ஈரமாக இருந்தாலே முழு லயத்துக்கும் கேட்கிற மாதிரிப் பேசுகிறவர் அம்மா.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். அக்காவின் உடுப்புகள் மடித்துப் பைக்குள் வைத்தாகிவிட்டன. நாளைக்குக் காலை பஸ். அப்பா குளித்துவிட்டு வந்து, விபூதி பூசிக்கொண்டு, அந்த நீலப் பட்டியை எடுத்தார்.

“பெரியவளே, கைய நீட்டு.”

“காத்தாடி இன்னும் வரலியேப்பா” என்றேன் நான். வேலையே தொடங்காமல் பட்டி கட்டுவது எந்த விதியிலும் இல்லை.

அக்கா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பட்டி எதற்கு, எப்போது கட்ட வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து அப்பாவுக்கு எடுத்துச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கையைத்தான் நீட்டினாள். அப்பா கட்டினார். கொக்கியை அக்காவே கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பில் கொழுவினாள்.

மறுநாள் காலையில் பெரியப்பா பஸ்ஸுக்குத் தயாராக, தலைக்கு மஃப்ளர் சுற்றி, குடையோடு வந்து நின்றார். நான் என் கடமையை மறக்கவில்லை. “பெரியப்பா, மஃப்ளரக் கழட்டி ஆணியில மாட்டுங்க” என்றேன். அவர் என்ன ஏது என்று தெரியாமலே கழற்றி மாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

“என்னா, இன்னும் கெளம்பலியா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “காப்புக் கட்டியாச்சுங்கண்ணே.”

“காப்பா? எந்தக் கோயிலுக்கு?”

“கம்ப்யூட்டருக்குங்கண்ணே. மிஸ்ஸு குடுத்த காப்பு. கட்டிட்டா வேல முடியிற வரைக்கும் கழட்டக்கூடாதாம். வெளிய தெருவ போகவும் கூடாதாம்.”

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள், அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது ஆற்றுப் பாலம். பெரியப்பா கோயில் தலைவராக வந்த பிறகு அந்தக் கட்டு இரும்புக் கட்டாகிவிட்டது. அந்த வருடத் திருவிழாவில் காப்புக் கட்டிய வாலிபன் ஒருவன், ராகலையில் ஏதோ அவசரம் என்று பஸ் ஏறிவிட்டான். பெரியப்பா பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி, சனங்கள் பார்க்க அவனைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தார். அந்தக் கதை கந்தப்பளைவரை பரவியிருந்தது.

“கம்ப்யூட்டருக்கு எவன்டா காப்புக் கட்டுறான்?” என்றார் பெரியப்பா.

“எனக்கு என்னாங்கண்ணே தெரியும்? கூட வந்து எல்லாத்தயும் கேட்டது சின்னதுதான். அதக் கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பரிசளிப்பு விழா மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. கையைக் கட்டிக்கொண்டு, மிஸ்ஸின் குரலிலேயே சொன்னேன்: “வேலை முடியுமட்டும் கழட்டக்கூடாது. கட்டினபடி எழும்பித் திரியவும் கூடாது.”

“மிஸ்ஸு அப்புடியேவா சொன்னாங்க?”

“அப்புடியே சொன்னாங்க பெரியப்பா. சாமி சத்தியமா. அப்பா ரெண்டு தரம் கேட்டாங்க, ரெண்டு தரமும் அதயேதான் சொன்னாங்க.” அதோடு நிறுத்தியிருந்தாலும் போதும். ஆனால் எனக்கு எப்போதும் ஒரு உதாரணம் சொல்லி முடித்தால்தான் திருப்தி. “நீங்க அந்த அண்ணன பஸ்ஸிலருந்து எறக்குனீங்கல்ல, அதே மாதிரிதான்.”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நான் மட்டும்தான் எல்லோரையும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, எப்ப முடியும்?”

“காத்தாடி வரணுங்கண்ணே.”

“காத்தாடியே வரல, அதுக்குள்ள காப்பக் கட்டிட்டியா?”

“கொடியேத்துறதுக்கு முந்தியேதானுங்கண்ணே நம்ம கோயில்லயும் காப்புக் கட்டுறோம்” என்றார் அப்பா. பாதத்தைப் பார்த்துக்கொண்டு, மிகவும் பணிவாகத்தான் சொன்னார். அண்ணன் பேச்சை மடக்குகிற ஒரு பதிலை அப்பா சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. பெரியப்பாவின் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. அறையப் போகிறார் என்று நான் பின்னால் நகர்ந்தேன். அவர் மஃப்ளரை ஆணியிலிருந்து எடுத்துச் சுற்றிக்கொண்டு, “காத்தாடி வந்ததும் சொல்லி அனுப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு காத்திருப்புத்தான். கொக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாலும், அக்கா அந்தப் பட்டியைக் கழற்றவில்லை. வயரைச் சட்டைக் கைக்குள் சுருட்டிச் செருகிக்கொண்டு சமைத்தாள், துவைத்தாள், லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். சுவெட்டர் போட நான் விடவில்லை. அவள் வெடவெடப்பதைப் பார்த்து அப்பா தன் பருத்திச் சட்டைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொன்னார். அதில் அவள் வைக்கோல் திணித்த பொம்மை மாதிரி இருந்தாலும், முகத்தில் என்னவோ ஒரு தெளிவு வந்திருந்தது. லயத்துப் பையன்கள் “கம்ப்யூட்டர் சாமியாடி” என்று கத்தினால் சிரித்துக்கொண்டே போவாள். எனக்குத்தான் அவமானம். காப்புக்கும் கைப்பட்டிக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு அப்பாவுக்கு மகளாகப் பிறந்துவிட்டோமே என்று மனதுக்குள் நொந்துகொண்டேன்.

பெரியப்பா அவ்வப்போது வாசலில் நின்று, “வந்திருச்சா?” என்பார். “இல்லீங்கண்ணே” என்பார் அப்பா. தீபாவளிச் சாமான் வாங்க அப்பா நுவரெலியாவுக்குப் போய் வந்த அன்று நான் வழியிலேயே மறித்துக் கேட்டேன். “மிஸ்ஸப் பாத்தீங்களா? காத்தாடி வந்துச்சா?”

“கட சாமான் வாங்கவே பொழுது போயிருச்சு பாப்பா” என்று சொல்லிவிட்டு அப்பா பைகளை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா புதுத்துணிகளை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். இவ்வளவு முக்கியமான காரியத்தை மறந்துவிட்டு மத்தாப்புப் பெட்டியை மட்டும் மறக்காமல் வாங்கி வந்த மனிதரிடம் நான் அன்று முழுக்கப் பேசவில்லை. மத்தாப்பை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தீபாவளியும் வந்தது. எண்ணெய் முழுக்கு முடிந்து பெரியப்பா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். உளுந்து வடையைப் பிட்டுக்கொண்டே, “கொழும்புக் கடையில ஆள் சேந்திருச்சாம். இனி தேவையில்லன்னு சொல்லிட்டாங்க” என்றார். அவர் அக்காவின் கையைப் பார்த்தார். “புள்ளைக்கு மணிக்கட்டுத் தோலு கருத்துப் போச்சுடா. சீக்கிரம் அந்தக் காத்தாடிய மாட்டச் சொல்லு.” அப்பா “சரிங்கண்ணே” என்றார். பெரியப்பாவின் மீசை அன்றைக்கும் ஒரு பக்கமாகத் துடித்தது. அவருக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்று நான் முடிவுகட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் கண்ணைத் திறந்தால், அப்பா குளிக்காமல், அழுக்குச் சுவெட்டரோடு, கையில் பால் விடாத சாயத்தண்ணித் தேநீர் டம்ளரை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்! மேசையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

“பெரியவளே, எந்திரி. காத்தாடிய மாட்டு.”

நான் பாயிலிருந்து துள்ளி எழுந்தேன். “அப்பா! குளிச்சீங்களா? சுவெட்டரு! பலகை காயல! வெயிலே வரல!” எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் உப்புக்கு வந்தவர்களை நடுங்கவிட்டுக் காத்த சட்டமெல்லாம் ஒரு காலையில் காற்றில் போகிறது. அப்பா சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மாவும் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. “சரி சரி, நான் வெளிய போயிர்றேன்” என்று எழுந்து போய், இஸ்தோப்பிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா மட்டும் மிஸ் சொன்னதை ஒன்றும் விடாமல் செய்தாள். வயரைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஆறவிட்டாள். உலர்ந்த துணியால் மேசையைத் துடைத்தாள். சட்டைக் கைக்குள்ளிருந்து வயரை இழுத்து, கொக்கியை இரும்பில் கொழுவினாள். பழைய காற்றாடியைக் கிளிப்பை நெம்பி எடுத்து, காய்ந்து கிடந்த பசையைத் துடைத்து, பயறளவு புதுப்பசை வைத்தாள். என்னை டார்ச் பிடிக்கச் சொன்னாள். அவளுடைய விரல்கள் கொழுந்து கிள்ளுகிற அம்மாவின் விரல்களைப் போலவே, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் போய் வந்தன. எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டபோது காற்றாடி ஒரு தரம் திணறி, பிறகு சத்தமே இல்லாமல் சுற்றியது. கம்ப்யூட்டர் அணையவில்லை. நாங்கள் எல்லோரும் அணைந்துவிடுமோ என்று காத்துக்கொண்டு நின்றோம், அது அணையவே இல்லை. அக்கா பட்டியை அவிழ்த்துவிட்டு, கருத்துப்போன மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அப்பாவைப் பார்த்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்பதுமட்டும் எனக்குப் புரிந்தது.

அடுப்புக்கு எதிர்ச்சுவரிலிருந்து கம்ப்யூட்டர் இஸ்தோப்புக்கு இடம் மாறியது. தை பிறப்பதற்கு முன்னாலேயே பரீட்சை முடிவு வந்தது. அக்கா பாஸ். அடுத்த வருடத் திருவிழா நோட்டீசை அவள்தான் தட்டிக் கொடுத்தாள். அதில் கோயில் தலைவரின் பெயரை இன்னும் கொஞ்சம் தடிக்கவைத்தாள். இன்றைக்கு ராகலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறைச் சாவி அவள் கையில் இருக்கிறது. பெரியப்பாதான் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், போய்ச் சேரும்வரை. அப்பா கடைசிவரை அவர் முன்னால் கதிரையில் உட்கார்ந்ததில்லை.

காற்றாடி வந்த அந்த வெற்றுப் பெட்டியை நான் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன், பென்சிலும் அழிரப்பரும் போட்டு வைக்க. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். புதுச்சாமான் வாசத்துக்குப் பதிலாக, மூக்கைத் துளைக்கிற பூச்சி உருண்டை வாசம். அப்பாவின் கறுப்புக் கோட்டிலும் தீபாவளிச் சட்டையிலும் இருந்த அதே வாசம். கொழும்பிலிருந்து வருகிற காற்றாடிகளுக்கெல்லாம் அப்படித்தான் வாசம் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு, மூடியில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன்.